முகத்தை வாசிக்கும் கண்

ஒரு பெண் தன் முகத்துக்கு எதைச் செய்தாலும் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: யாருக்காக? மஞ்சள் பூசினால் கணவனுக்காக. பவுடர் போட்டால் ஊருக்காக. ஒன்றுமே போடாமல் போனால், அதுவும் யாரிடமோ கோபித்துக்கொண்டுதான். ஆண் மீசையை ஒதுக்கும்போதும் நரைக்குச் சாயம் அடிக்கும்போதும் இந்தக் கேள்வி எழுவதில்லை. பெண்ணியம் படித்த நாமும் இதே கேள்வியைக் கொஞ்சம் திருத்தி நம்மிடமே கேட்டுக்கொள்கிறோம். இது எனக்காகவா, ஆணின் பார்வைக்காகவா? எனக்காகத்தான் என்று பதில் வந்தால் நிம்மதி. இல்லையென்றால் உறுத்தல்.

நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக ஒரு ரெட்டினால் சீரம் வாங்கினேன். இரண்டரை மாதம் பூசிப் பார்த்தேன். அந்த நாட்களில், மேலே சொன்ன கேள்வியைவிட அவசரமான இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. அதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் சென்றதும் அது முதலில் ரெட்டினால்டிஹைடாகவும், பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறுகிறது. வேலை செய்வது அந்தக் கடைசி அமிலம்தான். தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தை அது கூட்டுகிறது, கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது. அந்த அமிலத்தையே நேரடியாக மருந்தாகத் தந்தால் அதற்கு ட்ரெட்டினாயின் என்று பெயர். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் வாங்க வேண்டும். ரெட்டினால் இரண்டு படி பின்னால் நிற்பதால் வேகம் குறைவு, எரிச்சலும் குறைவு.

நான் வாங்கியது 0.2 சதவீதம். முதன்முறை பயன்படுத்துவோருக்கான மென்மையான சீரம் என்று அட்டையில் போட்டிருந்தது. 30 மில்லி குப்பி, விலை 599 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறக்குறைய இரண்டு நாள் மண் வெட்டினால் என் குப்பியை வாங்கலாம். வாரத்தில் இரண்டு இரவு, பட்டாணி அளவு. அதற்கு முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க நினைப்பவர்களும் பூசக் கூடாது. இரண்டாவது வாரம் மூக்கின் ஓரமும் வாயின் ஓரமும் உரிந்தன. பிறகு அடங்கியது. எட்டாவது வாரத்தில் தோல் தொடுவதற்கு மெதுவாக இருந்தது. கன்னத்து மங்கின் ஓரம் சற்று வெளுத்திருந்தது. நெற்றியின் ஆழமான கோடுகள் அப்படியே இருந்தன. பலன் இவ்வளவுதான். விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது.

இனி அந்தப் பழைய கேள்வி. யாருக்காகப் பூசினேன்? நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்தில் கன்னத்தில் விழுந்த மங்கு பதினைந்து வருடமாகப் போகவில்லை. ஆசிரியர் அறையில் இருபத்தாறு வயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த ஒரு படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மருத்துவப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆர்வம் இருந்தது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, யாருக்கும் எதுவும் செய்யாமல் என் முகத்தை நானே தொட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. இதில் எது எனக்கானது, எது பிறருக்கானது? பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியும் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எந்த ஆசையையும் ஒருவர் தனியாக இருந்து உண்டாக்கிக்கொள்வதில்லை. புத்தகம் வாங்கும் ஆசையிலும்கூடப் பிறர் கண் இருக்கிறது. ஆசைக்கு ஒரே உடைமையாளர்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பெண்ணிடம் மட்டும் வைக்கப்படும் தூய்மைச் சோதனை. அதில் தேறியாக வேண்டும் என்று நமக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அட்டையில் இருந்த சொற்கள். சேதம், குறைபாடு, சரிசெய்தல், எதிர்த்தல். வயதை எதிர்க்க வேண்டுமாம். நேர்க்கோடுகளைத் திருத்த வேண்டுமாம். அறிவியல் இதில் பொய் சொல்லவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் கொலாஜனைச் சிதைக்கிறது. வெயில் படும் தோல் சீக்கிரம் தடித்துச் சுருங்குகிறது. மருத்துவர்கள் அதற்கு ஒளிமூப்பு என்கிறார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அட்டை இந்த உண்மையோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்து ஒட்டியிருக்கிறது. முகத்தில் தெரியும் காலம் ஒரு பிழை என்பது அந்தத் தீர்ப்பு.

மூன்றாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைப் பார்க்கப் போகும் வழக்கமான பயணம். எதிரில் இருந்த பெண்களின் முகங்களில் என் கண் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்ததை அப்போது கவனித்தேன். இவருக்குக் கண்ணோரத்தில் மூன்று கோடு. அவருக்கு மேலுதட்டில். அந்த அக்காவுக்குக் கழுத்தில். அட்டையில் படித்த பட்டியலை வைத்துக்கொண்டு என் கண் அவர்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் யார், சந்தையில் என்ன விற்றுவிட்டு வருகிறார்கள், யாரைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு முடிந்திருந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா. அறுபத்தொன்பது வயது. ஐம்பது வருடம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் சாமையும் பார்த்த முகம். அட்டையின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்த முகத்தில் இருக்கிறது. அந்தச் சொற்களால் படித்தால் அம்மா முழுக்க முழுக்கச் சேதம். அந்தப் படிப்பு எவ்வளவு கேவலமானது என்பது அங்கே, திண்ணையில், அவருக்கு எதிரில் உட்கார்ந்தபோது விளங்கியது. அந்தக் கோடுகளில் பாதி எங்களைப் படிக்க வைத்ததில் விழுந்தவை. அதற்காக அவற்றை அழகு என்று பாடவும் நான் தயாரில்லை. உழைப்பின் கோடுகளைக் கவிதையாக்கிவிட்டு அந்த உழைப்பை அவர்கள் தலையிலேயே விட்டுவிடுவது நமக்கு நன்றாகவே வரும். அம்மாவுக்கு நிழலில் வேலை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது கிடைக்காததற்கு அவர் முகம் பொறுப்பாளி இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். பல் துலக்குகிறோம், தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், குதிகால் வெடிப்புக்குக் களிம்பு போடுகிறோம். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? நியாயமான மறுப்புதான். உடம்பைப் பேணுவது பாவமில்லை. ஆனால் உடம்பில் விழும் எல்லா அடையாளங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

தருமபுரி மாவட்டத்துப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஊர்க் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் பல இடங்களில் அதைத் தாண்டியது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்தது. தேய்த்தால் போகாத கறை. என் வகுப்புப் பெண்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கறைக்காகப் பெண்கள் கரியையும் சாம்பலையும் உப்பையும் போட்டுத் தேய்த்தார்கள். விதவிதமான பற்பசை வாங்கினார்கள். வெட்கம் அவரவருடையதாக இருந்தது. கடைசியில் தீர்வு எங்கிருந்து வந்தது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவழித்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்ற சொல் இருக்கிறது. அதாவது, பெண்கள் தனித்தனியாகக் கையால் மறைத்துக்கொண்டிருந்த ஒரு கறை, காவிரியிலிருந்து குழாய் போட்டுத் தீர்க்க வேண்டிய பொதுக் காரியமாக இருந்தது.

வெயிலும் அப்படித்தான். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவியும் இருக்க வேண்டும் என்று சொன்னது. வெயிலில் வேலை செய்யும் பெண்ணின் தோலுக்கு முதல் மருந்து அந்த நிழல். என் சீரம் அதற்குப் பிறகு வருவது. நிழலைப் பற்றிப் பேசாமல் சீரத்தைப் பற்றி மட்டும் பேசும் உலகம், கறையைப் பற்றிப் பேசி கிணற்றைப் பற்றிப் பேசாத உலகம் மாதிரி.

ரெட்டினால் என்ற பெயர் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக இருக்கலாம். அதன் குடும்பம் எப்போதோ வந்துவிட்டது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்த ஒரு கிரீம் உண்டு. மங்குக்கு, மருத்துவர் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் தரப்பட வேண்டியது. நாடு முழுவதும் அது மெடிக்கல் கடைகளில் சீட்டு இல்லாமல் வெளுப்பாக்கும் கிரீமாக விற்றது. என் சித்தி மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருடம் ஒரு கடையில் அதைக் கொடுத்தார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. ஊரே கேட்டது. நிறுத்தியதும் சிவந்து எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசினாள். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, கன்னத்தில் ரோமம் வளர்ந்தது. அடுப்பின் முன் நிற்க முடியவில்லை. இது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனியாகவே ஒரு நோய்ப் பெயர் வைக்கும் அளவுக்கு இது பரவியிருந்தது. 2018 மார்ச்சில்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய பட்டியலில் சேர்த்தது.

அவள் அந்த டியூபைக் கேட்டு வாங்கியது கறுப்பு ஒரு பிழை என்று அவளைப் பார்க்க வந்த கண்கள் சொன்னதால். அந்தக் கண்களுக்குப் பாடம் நடத்தியது பல பத்தாண்டு விளம்பரம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்த தோல் உள்ளவரைத் தாழ்ந்தவராக, தோற்றவராகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. பெண்கள் எதிர்த்துப் பேசிப் பேசித்தான் இவ்வளவும் நடந்தது. நிறத்தைப் பற்றி அன்று சொன்னதையே இன்று சுருக்கத்தைப் பற்றிச் சொன்னால் நம்மில் பலருக்கு உறுத்துவதில்லை. கறுப்பை நீக்குகிறோம் என்றால் கோபம் வருகிறது. வயதை நீக்குகிறோம் என்றால் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கிறோம்.

இந்த மருந்தின் பிறப்பிலேயே ஒரு கண் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951 முதல் 1974 வரை அங்கே கைதிகளின் உடம்பில் மருந்துகளும் ரசாயனங்களும் சோதிக்கப்பட்டன. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். சோதனைகளை நடத்தியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். 1971இல் முகப்பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெட்டின்-ஏ, அதாவது ட்ரெட்டினாயின், அவருடைய பெயரோடும் அந்தச் சிறையோடும் பிணைந்தது. பருவுக்காகப் பூசிய வயது கூடிய பெண்கள் தோல் மிருதுவாவதாகச் சொன்னதிலிருந்தே சுருக்கத்துக்கான ஆய்வுகள் கிளம்பின. முதன்முதலில் சிறைக்குள் நுழைந்தபோது தனக்கு ஏக்கர் கணக்கில் தோல்தான் தெரிந்தது, வளமான நிலத்தைக் கண்ட விவசாயி போல உணர்ந்தேன் என்று கிளிக்மன் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். பல்கலைக்கழகம் 2021இலும் நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன.

பழைய பாவத்துக்காக இன்றைய குப்பியைத் தூக்கி எறிய வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் மருத்துவத்தில் பாதியைத் தூக்கி எறிய வேண்டும். நோயாளிகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சொல்ல வருவது வேறு. மனிதர் நிறைந்த இடத்தில் நின்று தோலை மட்டும் பார்க்கும் கண் ஒன்று உண்டு. சிறையில் அது செய்த கொடுமையையும் பேருந்தில் என் கண் போட்ட கணக்கையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் யார் என்று தெரிவதற்கு முன் அவர் தோல் தெரிந்துவிடுகிறது.

வைட்டமின் ஏ-க்கு வேறு ஒரு வரலாறும் இருக்கிறது. அது நம்முடையது. கண்ணுக்குள் ஒளியை வாங்குவதும் இதே மூலக்கூறுதான். ரெட்டினால் என்ற பெயரே விழித்திரையின் பெயரான ரெட்டினாவிலிருந்து வந்தது. 1933இல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். 1967இல் நோபல் பரிசு பெற்றார். இந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும். இன்னும் குறைந்தால் விழி வெண்படலம் கரைந்து குழந்தை பார்வையை இழக்கும். அதைத் தடுக்க இந்திய அரசு 1970இல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரண்டியில் ஊற்றும் அந்த மஞ்சள் திரவத்தை என் இரண்டு பிள்ளைகளும் குடித்திருக்கிறார்கள். திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண். நடந்தது நம் கிராமங்களில்.

அண்மையில் ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான பொருட்களில் ரெட்டினாலின் அளவை 0.3 சதவீதத்துக்குள் நிறுத்தியது. உணவிலும் மாத்திரையிலும் பூச்சிலும் சேர்த்து அங்குள்ள சிலருக்கு வைட்டமின் ஏ அளவை மீறிவிடுமோ என்ற கவலை. ஓரிடத்தில் கூடுதலாகிவிடுமே என்று அட்டையில் எச்சரிக்கை. இன்னோரிடத்தில் அங்கன்வாடிப் பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லி ஊட்டிய நம் அம்மாக்கள் இந்த மூலக்கூறின் பெயர் தெரியாமலே அதன் வேலையைச் செய்தார்கள். எனவே ரெட்டினால் என்பது அழகுசாதனக் கடையில் பிறந்த பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். அது முதலில் பார்ப்பதற்கானது. பார்க்கப்படுவதற்கான பொருளாக அது விற்பனைக்கு வந்தது பிற்பாடுதான்.

நம் மரபு இந்த விஷயத்தில் என்ன சொல்லி வைத்திருக்கிறது? ஔவையைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதை, கல்யாணத்திலிருந்து தப்ப அவர் விநாயகரிடம் வேண்டி இளமையைக் கொடுத்துவிட்டுக் கிழவியானார் என்பது. காரைக்கால் அம்மையார், கணவன் விலகிய பிறகு, சதையுடம்பை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். பாடவும் ஊர் ஊராக நடக்கவும் அரசனிடம் நிமிர்ந்து பேசவும் ஒரு பெண் தன் தோலை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. புறநானூற்றில் பிசிராந்தையாரிடம், வயதாகியும் நரைக்காமல் இருப்பது எப்படி என்று கேட்கிறார்கள். நல்ல மனைவி, அறிவு நிறைந்த பிள்ளைகள், நல்ல ஏவலர், நல்ல அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று அவர் காரணம் அடுக்குகிறார். நரைக்காத கணவரின் பின்னால் இருந்த அந்த மனைவிக்கு நரைத்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பழைய கதைகள் அழகை விட்டால் விடுதலை என்கின்றன. இன்றைய விளம்பரம் அழகைப் பிடித்துக்கொண்டால் விடுதலை என்கிறது. இரண்டிலும் தோல்தான் பணம். எனக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலே வேண்டாம். சுருக்கம் உள்ள பெண்ணும் அதைக் குறைக்கப் பார்க்கும் பெண்ணும் இரவு எட்டு மணிக்குத் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரே மாதிரி நிம்மதியாக நிற்க முடிய வேண்டும். கேட்க வேண்டியது அது.

என் முகம் உரிந்திருந்த வாரத்தில் அம்மா, "என்ன கண்ணு, மூஞ்சி உரியுது? வெயில்ல நின்னியா?" என்று கேட்டார். மருந்து என்றேன். எதற்கு என்றார். சுருக்கத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "மூஞ்சிய விடு. கண்ணுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தா சொல்லு, எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது" என்றார். கேலியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அவருக்கு எது முக்கியமோ அதைச் சொன்னார். கண்புரை. வைட்டமினால் தீராது, அறுவை சிகிச்சைதான். அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் மகள் பதினைந்து வயது. என் மேசையில் குப்பியைப் பார்த்துவிட்டு, "அத்தை, இத இப்பவே ஆரம்பிச்சா பின்னாடி சுருக்கமே வராதாமே, நானும் போடட்டுமா?" என்று கேட்டாள். இந்த இரண்டரை மாதத்தில் நான் பதில் சொல்ல மிகவும் யோசித்த கேள்வி இதுதான். அவள் தோலுக்கு இது தேவையில்லை, எரிச்சல்தான் மிஞ்சும் என்பது எளிதான பாதி. 2024இல் ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம், வயதைக் குறைக்கும் பூச்சுகளைப் பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அங்கேயும் சிறுமிகள் கேட்டு வருகிறார்கள் என்று அர்த்தம். கடினமான பாதி வேறு. இன்னும் வராத ஒரு முகத்தைக் கண்டு அவள் இப்போதே பயப்படுகிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கற்றுத்தந்தவர்களில் என் குப்பியும் ஒன்றாகிவிடக் கூடாது.

அவளிடம் சொன்னேன்: "இது எனக்கு மங்குக்கு. உனக்கு வேண்டாம். வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன் போடு, தோலுக்கு அது போதும். சுருக்கம் வந்தா வரட்டும். பாட்டிக்கு வந்திருக்கு, எனக்கு வந்துட்டிருக்கு, உனக்கும் வரணும். வராம இருக்கணும்னா சின்ன வயசுலயே செத்துடணும்." கடைசி வாக்கியத்துக்கு அவள் சிரித்தாள். ஆனால் அதில் விளையாட்டு இல்லை. பிறந்த பெண் குழந்தைகள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அரசு தொட்டில் வைத்த மாவட்டம் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. இந்த மண்ணில் ஒரு பெண்ணின் முகத்தில் கோடு விழுகிறது என்றால், அவள் பிறக்க விடப்பட்டாள், வளர விடப்பட்டாள், இத்தனை காலம் இருந்திருக்கிறாள் என்று பொருள். அதைச் சேதம் என்று அழைக்க எந்த அட்டைக்கும் உரிமை இல்லை.

குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது. பூசி முடிப்பேன். தீர்ந்த பிறகு வாங்குவேனா என்பது மங்கையும் கையில் இருக்கும் பணத்தையும் பொறுத்தது. அதில் ஒரு தத்துவமும் இல்லை. ஆனால் சில சொற்களை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். யாரையும் பார்த்து, "வயசே தெரியல" என்று பாராட்டாக இனிமேல் சொல்ல மாட்டேன். "முத்தின கத்திரிக்காய்" என்று ஒருத்தியைச் சொல்லிச் சிரிக்கும் இடத்தில் சிரிக்க மாட்டேன். இவை சின்ன விஷயங்கள். ஆனால் கண்ணுக்குப் பாடம் சொல்லித்தருவது இப்படிப்பட்ட சின்னப் பேச்சுகள்தான்.

தோழிகளே, முகத்துக்கு எதையாவது பூசும்போது யாருக்காக என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். விடை கிடைக்காது, கிடைத்தாலும் யாருக்கும் பயனில்லை. அதற்குப் பதில் இதைக் கேட்டுப் பாருங்கள்: இதைப் பூச ஆரம்பித்த பிறகு மற்றப் பெண்களின் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறேன்? என் அம்மாவின் முகம் எனக்கு இன்னும் அம்மாவின் முகமாகவே தெரிகிறதா? என் பக்கத்தில் வளரும் சிறுமி என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொள்கிறாள்? இவற்றுக்குத் தெளிவான பதில் உண்டு, ஏனென்றால் நம் பார்வை நம் கையில் இருக்கிறது. பார்வை கெடவில்லை என்றால் நிம்மதியாகப் பூசுங்கள். கெடுகிறது என்று தெரிந்தால், முதலில் எடுத்து வைக்க வேண்டியது அட்டையையும் அதில் அச்சடித்த சொற்களையும். குப்பியை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம்.